டெல்டா கல்லூரியை கிளவுடுக்கு மாற்றுவது எப்படி: எது தடுக்கும், எது கைகொடுக்கும்

கல்லூரியை கிளவுடுக்குக் கொண்டுபோகலாமா என்று கமிட்டி போட்டுப் பேச ஆரம்பிக்கும்போதே பாதி வேலை அங்கே போயிருக்கும். துறைத் தலைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இன்டர்னல் மார்க் அனுப்புகிறார்கள், நாக் (கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் அமைப்பு) ஆவணங்கள் மொத்தமும் யாரோ ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் கிடக்கின்றன, ஃபீஸ் சாஃப்ட்வேர் விற்ற கம்பெனி உங்கள் மாணவர்களின் விவரத்தைத் தன் கணக்கில் எங்கேயோ ஒரு சர்வரில் வைத்திருக்கிறது. உங்கள் மெஷினில் இல்லாமல் வேறொருவர் சர்வரில் இருந்து, நெட் வழியாக எடுத்துப் பயன்படுத்துவதுதான் கிளவுட், அப்படிப் பார்த்தால் இதெல்லாமே கிளவுடுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கக் கல்லூரிகளில் இந்த வேலையைப் பார்த்து வருகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: நெட் வரவில்லை, பணம் இல்லை என்றுதான் எல்லோரும் காரணம் சொல்வார்கள், இரண்டும் உண்மையான தடைகள்தான், ஆனாலும் அவற்றைவிட அதிகமாக வேலையை நிறுத்துவது, எந்தக் கணக்கு யார் பொறுப்பு என்று தாளில் எழுதாமல் விட்டதுதான். அதைச் சரிசெய்துவிட்டால் மற்றவற்றுக்கு வழி இருக்கிறது.

முதலில் ஒரு நோட்டு

எந்தக் கம்பெனியையும் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டு வாங்கி, கல்லூரியில் கணினியில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். அட்மிஷன், ஃபீஸ், வருகைப்பதிவு, இன்டர்னல் மார்க், சம்பளப் பட்டியல், நூலகம், ஸ்காலர்ஷிப், வெப்சைட், மெயில். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எந்த மெஷினில் அல்லது எந்தக் கணக்கில் இருக்கிறது, பாஸ்வேர்டு யாரிடம், ஓடிபி யார் போனுக்கு வருகிறது, கடைசியாக பேக்கப் எடுத்தது எப்போது. அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுத வேண்டும், ஃபார்ம் அனுப்பினால் வராது. ஓடிபி என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் நிலவரம் புரியும்.

ஈஆர்பி, அதாவது ஃபீஸ், மார்க் போன்ற நிர்வாக வேலைகளைச் செய்யும் மென்பொருள், விற்ற கம்பெனியிடம் எழுத்தில் நான்கு விஷயம் கேளுங்கள். சர்வர் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? எந்த ஊர் டேட்டா சென்டரில் இருக்கிறது? பேக்கப் தனி இடத்தில் இருக்கிறதா? ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளில் தருவீர்கள்? அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்டிடம் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிற கல்லூரிகள், மாணவர் ஒருவருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் சின்ன ஈஆர்பி கம்பெனியிடம் ஏற்கெனவே மாட்டியிருப்பதைக் கவனிப்பதில்லை. மாதம் ஒருமுறை முழு டேட்டாபேஸ் பிரதி கல்லூரி கைக்கு வர வேண்டும் என்று அடுத்த புதுப்பித்தலில் சேர்த்துவிடுங்கள். மறுக்கும் கம்பெனியோடு தொடர்வதில் அர்த்தமில்லை.

பெயரும் சாவியும்

அடுத்தது டொமைன், அதாவது கல்லூரியின் இணைய முகவரிப் பெயர். கல்வி நிறுவனங்களுக்கான ஏசி டாட் இன் பெயரை மத்திய அரசின் கீழ் இயங்கும் எர்னெட் இந்தியாதான் பதிவு செய்து தருகிறது. அங்கீகாரக் கடிதம், முதல்வர் கையெழுத்து போன்ற ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும், பெரிய செலவு இல்லை. இதை வெப்சைட் செய்து தருபவர் பெயரில் வாங்கவிடாதீர்கள். டொமைன் கல்லூரி பெயரில் இருந்தால்தான் கூகுள், மைக்ரோசாஃப்டின் இலவசக் கல்விக் கணக்குகளைக் கல்லூரி பெயரில் வாங்க முடியும். அந்தக் கணக்கில் மாணவர்களுக்கு மெயில் கொடுத்தால்தான் அவர்கள் கிரெடிட் கார்டு இல்லாமல், மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸ்யூரின் 100 டாலர் மாணவர் சலுகையைப் பயன்படுத்த முடியும். ஒன்றிலிருந்து ஒன்று திறக்கும்.

2020 ஊரடங்கில் அவசர அவசரமாக ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்த ஒரு கல்லூரியில், கௌரவ விரிவுரையாளர் ஒருவர் இரவோடு இரவாக எல்லாக் கணக்கையும் தன் போன் நம்பரில் உருவாக்கிக் கொடுத்தார். அவர் செய்தது பெரிய உதவி. பிறகு வேறு ஊருக்கு வேலைக்குப் போனார், போன பிறகும் கேட்டபோதெல்லாம் ஓடிபி சொன்னார். அவர் நம்பரை மாற்றியதும் நிர்வாகக் கணக்குக்குள் யாராலும் போக முடியவில்லை. அவர்மேல் ஒரு குறையும் இல்லை, கல்லூரிதான் அவரிடமிருந்து முறையாகப் பொறுப்பு வாங்காமல் விட்டது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கல்லூரி பெயரில் ஒரு சிம் வாங்கி, அலுவலகத்தில் இருக்கும் போனில் போட்டு, ரீசார்ஜ் தேதியை காலண்டரில் குறித்துவிடுங்கள். உச்ச அதிகாரமுள்ள நிர்வாகி இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் நிரந்தரப் பணியில் இருப்பவர். இரண்டடுக்கு சரிபார்ப்புக்கான பேக்கப் எண்களை (ஓடிபி வராதபோது உள்ளே போக உதவுபவை) அச்சிட்டு, உறையில் போட்டு அரக்கு வைத்து, வினாத்தாள் கட்டு வைக்கிற அதே பீரோவில் வைத்து, சாவிப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆள் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பீரோ சாவிக்குக் கீழே இந்த உறையும் ஒரு வரியாக வரட்டும்.

எதை முதலில் நகர்த்துவது

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் நகர்த்தச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள். முதலில் பாடக் குறிப்புகளும் மெயிலும். மூடுல் போதும், பாடங்களை ஆன்லைனில் வைப்பதற்கான இலவச மென்பொருள், 2002-இலிருந்து இருக்கிறது, தமிழ் இடைமுகமும் உண்டு. கூகுள் கிளாஸ்ரூம் பழகியிருந்தால் அதுவே இருக்கட்டும். ஒருநாள் வேலை செய்யாமல் போனாலும் யாருடைய சான்றிதழும் கெடாது என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன். அடுத்து நூலகம்: கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதை வாடகை சர்வருக்கு மாற்றினால் மாணவர்கள் வீட்டிலிருந்தே புத்தகம் தேடலாம், கல்லூரிகளுக்கு மின்னூல், மின்னிதழ் தரும் இன்ஃப்ளிப்நெட்டின் என்-லிஸ்ட் மூலம் வெளியிலிருந்து மின்னிதழ் படிப்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். ஃபீஸும் மார்க்கும் இரண்டாம் வருடம். சிசிடிவி பதிவு, மொழி ஆய்வகம் இதெல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நகர்த்தினால் செலவுதான்.

நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க டெல்டாவில் ஒரு காரணம் போதும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, உட்பகுதிக் கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. நம் கல்லூரிகளில் சர்வர் என்பது அலுவலகத்தின் தரைத்தளத்தில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ‘ஆஃப் செய்யாதீர்கள்’ என்று தாள் ஒட்டி, பேட்டரி உப்பிப்போன ஒரு யுபிஎஸ்ஸின் தலையில் உட்கார்ந்திருக்கும் பெட்டி. ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் முதலில் ஏறுவது தரைத்தளத்தில்தான். புயல் வேண்டாம், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் நிறுத்தும் நாளிலும் அந்தப் பெட்டி நின்றால் வீட்டில் இருக்கும் மாணவருக்கும் ஒன்றும் திறக்காது. வெளியூர் டேட்டா சென்டரில் இருந்தால் கல்லூரி இருட்டில் இருந்தாலும் அவர் போனில் பாடம் திறக்கும். முதல்வரிடம் இதை மட்டும் பேசுங்கள், ‘டிஜிட்டல் மாற்றம்’ என்றெல்லாம் ஸ்லைடு போட வேண்டியதில்லை.

அதற்காக கிளவுடில் போட்டதெல்லாம் பத்திரம் என்று இருந்துவிடக் கூடாது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி கூகுள் கிளவுடில் வைத்திருந்த அமைப்பு, கூகுள் பக்கம் நடந்த ஒரு அமைப்புத் தவறால் அழிந்துபோனது. வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் பேக்கப் வைத்திருந்தது மீள உதவியது. உங்களுக்கு இது எளிது: வாரம் ஒரு பிரதி வேறு கம்பெனியின் சேமிப்பில், மாதம் ஒரு பிரதி ஹார்டு டிஸ்கில், அந்த டிஸ்க் மாடியில். செமஸ்டருக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து உண்மையிலேயே மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நெட்

திருச்சி, தஞ்சாவூர் டவுனில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டலாம். தலைஞாயிறு, முத்துப்பேட்டை, வேதாரண்யம் மாதிரி கடைமடைப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள்.

இரண்டு கம்பெனியிடம் இரண்டு ஃபைபர் லைன் வாங்கினால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே ரோட்டோரப் பள்ளத்தில் வந்தால், ரோடு போட ஜேசிபி வந்த அன்று இரண்டும் சேர்ந்து போகும். லைன்மேனோடு நடந்து போய் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வேறு வழி இல்லையென்றால் இரண்டாவதாக ஒரு 4ஜி அல்லது 5ஜி ரூட்டர் வையுங்கள், அலுவலகத்துக்கும் ஃபீஸ் கவுண்டருக்கும் அது தாங்கும். தானாக லைன் மாறும் ரூட்டர் வாங்குவது முக்கியம், கேபிளைப் பிடுங்கிச் செருக ஆள் தேடக்கூடாது. வேகம் எவ்வளவு வேண்டும் என்பதை ஆய்வகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்: 60 கணினியில் ஒரே நேரம் வீடியோ ஓடினால், ஒன்றுக்குச் சுமார் 1 எம்பிபிஎஸ் வீதம் 60 எம்பிபிஎஸ், அதோடு அலுவலகம், அதோடு ஆசிரியர்கள் போன். விற்பவர் சொல்லும் வேகம் பகலில் 11 மணிக்கு வருகிறதா என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள்.

மாணவர் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள், தினசரி அளவு வைத்த பிரீபெய்டு பேக், பல வீடுகளில் அண்ணனும் தங்கையும் ஒரே போன். 2021 ஜனவரியில் தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அறிவிக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை புரியும். ஒரு மணி நேர வகுப்பை அப்படியே ரெக்கார்டு செய்து ஏற்றாதீர்கள். பத்து நிமிட ஆடியோ, கூடவே சின்ன பிடிஎஃப், மூடுல் ஆப்பில் டவுன்லோடு செய்து பஸ்ஸில் நெட் இல்லாமல் படிக்கும்படி. போனில் ஸ்கேன் செய்த நோட்டை அப்படியே ஏற்றினால் 40 எம்பி வரும், சுருக்கி ஏற்றினால் 2 எம்பி. இந்த ஒரு பழக்கத்தை ஆசிரியர்களுக்குக் கொண்டுவந்தாலே கிளவுட் உண்மையில் பயன்பட ஆரம்பிக்கும்.

பணமும் ஆடிட்டும்

கல்லூரிக் கணக்குமுறைக்குப் பழக்கமானது பொருள் வாங்குவது. சர்வர் வாங்கினால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும், நாக் குழு வந்தால் காட்டலாம். கிளவுட் என்பது மாதாமாதம் மாறும் பில், கண்ணுக்குத் தெரியும் பொருள் இல்லை. உதவிபெறும் கல்லூரியில் இணை இயக்குநர் அலுவலக ஆடிட்டில் ‘எதற்கு இந்த மாதம் இவ்வளவு’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது என்ற பயத்திலேயே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. பயம் நியாயமானது.

வழி இருக்கிறது. பயன்பாட்டுக்கு ஏற்ப பில் போடும் திட்டத்தை விட்டுவிட்டு, வருடத்துக்கு நிலையான தொகை உள்ள சர்வர் திட்டத்தை எடுங்கள், ரூபாயில் பில் தரும் இந்தியக் கிளையிடமோ மறுவிற்பனையாளரிடமோ. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், இதை விட்டுவிட்டுத் தீர்மானம் போட்டு மார்ச்சில் முழிப்பவர்கள் அதிகம். அரசுக் கல்லூரி என்றால் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் வரம்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் கிளவுட் சேவைகள் தனிப் பிரிவாகவே இருக்கின்றன. மத்திய மின்னணு அமைச்சகம் அங்கீகரித்த கிளவுட் நிறுவனங்களின் பட்டியலும் இருக்கிறது, அதிலிருந்து எடுத்தால் குறிப்புக் கோப்பில் ஒரு வரி எழுத வசதி.

பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறோம், பில் ஏறாது என்று நினைக்காதீர்கள். அலர்ட் மெயில் மட்டும்தான் அனுப்பும், ஓடுகிற மெஷினை நிறுத்தாது. வெள்ளிக்கிழமை பிராஜெக்டுக்காகப் போட்ட ஜிபியு சர்வர் (கனமான கணக்கீட்டுக்கானது) திங்கட்கிழமை வரை ஓடிக்கொண்டே இருக்கும். மாணவர் பயிற்சிக்குக் கல்லூரிக் கணக்கைக் கொடுக்கவே வேண்டாம், பிரவுசரிலேயே புரோகிராம் ஓட்டிப் பார்க்கும் கூகுள் கொலாபும் மாணவர் சலுகைக் கணக்குகளும் போதும்.

இலவசத் திட்டங்களுக்கும் எல்லை உண்டு. கூகுள் 2021-இல், கல்வி நிறுவனங்களுக்கான அளவில்லாச் சேமிப்பை நிறுத்தி நிறுவனத்துக்கு மொத்தம் 100 டிபி என்று அறிவித்தது, மைக்ரோசாஃப்டும் பின்னால் அதே வழிக்கு வந்தது. 2000 பேர் உள்ள கல்லூரிக்கு ஆளுக்கு 50 ஜிபி, தாராளம்தான். ஆனால் படிப்பு முடித்தவர்களின் கணக்கை அப்படியே விட்டுவைத்தால் ஐந்தாறு வருடத்தில் நெருக்கும். முடித்தவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம், பிறகு நீக்கம் என்று முதல் நாளே விதி போட்டு அட்மிஷன் ஃபார்மில் அச்சிடுங்கள்.

தமிழ்த் தரவு

இதைத்தான் வெளியூர் ஆலோசகர்கள் யாரும் சொல்வதில்லை, ஆனால் நகர்த்தும் வேலையில் பெரும்பகுதி நேரத்தை இதுதான் தின்னும். பழைய அலுவலகக் கோப்புகளில் தமிழ்ப் பெயர்கள் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு தரமாக 2010-லேயே ஏற்றுக்கொண்டும், அலுவலகங்களில் பழைய கோப்புகள் அப்படியே இருக்கின்றன.

யூனிகோடுக்கு மாற்றும்போது முழு எக்செல் ஷீட்டையும் மாற்றியில் (எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருள்) போடாதீர்கள். ஊர்ப் பெயரும் மெயிலும் ஆங்கிலத்தில் இருந்தால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். தமிழ் உள்ள கட்டங்களை மட்டும் தனித்தனியாக எடுத்து மாற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் பெயரையாவது அலுவலகத்து ஆளை வைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். மாற்றிய பிறகும் ஒரு சிக்கல் வரும்: ‘கோ’ என்ற எழுத்து சில மாற்றிகளில் ஒற்றைக் குறியாகவும், சிலவற்றில் இரட்டைக்கொம்பு தனி, கால் தனியாகவும் பதிவாகும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், கோவிந்தன் என்று தேடினால் வராது. கணினித் துறை மாணவர் ஒருவரிடம் சொன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தருவார்.

அப்புறம் இனிஷியல். பிளஸ் டூ மார்க்‌ஷீட்டில் கவிதா ஆர், ஆதாரில் கவிதா ராமசாமி, கல்லூரிப் பதிவேட்டில் ரா. கவிதா. டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி (மாணவரின் மதிப்பெண் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கு எண்) எடுக்கும்போதும், வங்கிக் கணக்கு இணைக்கும்போதும் இது இடிக்கும். மாணவ மாணவியருக்கான அரசு உதவித்தொகைத் திட்டங்களான புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வனில் வரவேண்டிய மாதம் 1000 ரூபாய் ஒரு பிள்ளைக்குப் பெயர்ப் பொருத்தத்தால் தள்ளிப்போனால் அது சின்ன விஷயமில்லை, பஸ் செலவும் மதியச் சாப்பாடும் அதில் இருக்கிறது. ஆகவே புதிய அமைப்பில் மார்க்‌ஷீட் பெயர், ஆதார் பெயர், தமிழ்ப் பெயர், இனிஷியல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒருவரை அடையாளம் காண்பது பதிவு எண்ணாலும், தமிழக அரசின் உயர்கல்வி மாணவர் தரவுத் தளமான யூமிஸில் தரும் எண்ணாலும்தான் இருக்க வேண்டும், ஒருபோதும் பெயரால் அல்ல.

ஆட்கள்

இருபது வருடமாக ரிஜிஸ்டர் எழுதிய ஒரு சூப்பிரண்டு மேடம் கேட்டார்: “சார், நாளைக்கு ஆடிட்காரங்க வந்து நின்னா நான் எதை எடுத்துக் காட்டுறது? இந்த ரிஜிஸ்டர்ல பிரின்சிபால் கையெழுத்து இருக்கு. உங்க கம்ப்யூட்டர்ல யார் கையெழுத்து இருக்கு?” இதை ‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’ என்று எழுதிவைப்பவர்கள் அவர் கேள்வியைக் கேட்கவே இல்லை. மாதக் கடைசியில் ஃபீஸ் வசூலை பிடிஎஃப்பாக இறக்கி, அச்சிட்டு, முதல்வர் கையெழுத்து வாங்கி, பைண்டு செய்து வைப்பது என்று முடிவானது. அதற்குப் பிறகு அந்த அலுவலகத்திலேயே அவர்தான் முதலில் பழகினார்.

ஆசிரியர்களுக்கு ஹாலில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டும் பயிற்சி வேண்டாம். துறைக்குப் போங்கள், அவர்கள் பாடத்தின் அவர்கள் கோப்பை வைத்து, தமிழில், ஒரு வேலையை முடித்துக் கொடுங்கள். வேலையைத் தூக்கிச் சுமக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு வாரத்தில் சில வகுப்புகள் குறையுங்கள். அது பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர் தலையில்தான் விழுகிறது, சம்பளம் குறைவாக வாங்குபவரிடம் கூடுதல் வேலையை இலவசமாக வாங்கி எந்த அமைப்பும் நிலைக்காது.

சட்டம்

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர் குழந்தை, அவர் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். முதலாமாண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான். அட்மிஷன் அன்று பெற்றோர் நேரில் வருவார்கள், சம்மதப் படிவத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் அப்போதே வாங்கிவிடுங்கள். ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், பாஸ்புக் பக்கம் இவற்றை ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற ஃபோல்டரில் போடக் கூடாது, வாட்ஸ்அப் குரூப்பில் எக்செல்லாகச் சுற்றவிடக் கூடாது. சர்வர் எடுக்கும்போது இடமாக மும்பை, ஹைதராபாத், சென்னை மாதிரி இந்திய ஊரைத் தேர்ந்தெடுங்கள். பக்கமாக இருப்பதால் வேகமும் கிடைக்கும்.

எப்போது

மே முதல் ஜூலை வரை அட்மிஷன். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழையும் செமஸ்டர் தேர்வும். ஏப்ரலில் மறுபடி தேர்வு. மிச்சமிருப்பதில் வசதியானது பொங்கல் லீவு முடிந்த கையோடு பிப்ரவரிக் கடைசி வரை, நகர்த்தும் வேலையை அதற்குள் முடியுங்கள். முதலில் ஒரு துறை, இரண்டு வாரம், பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டிலும் மாணவர் எண்ணிக்கையும் மொத்த ஃபீஸ் தொகையும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு அடுத்த துறை.

பழைய சர்வரை உடனே தூக்கிப் போடாதீர்கள். இரண்டு செமஸ்டர் வரை மாடி அறையில், நெட் இணைப்பு இல்லாமல், பழைய மாணவர் ஒருவரின் டிசி கேட்டு யாராவது வந்தால் திறந்து பார்க்கும் நிலையில் இருக்கட்டும். அதன் பிறகு டிஸ்கை முழுமையாக அழித்துவிட்டு, அழித்த தேதியையும் பார்த்தவர் கையெழுத்தையும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதி, கழிவுப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.